கேள்வி – பதில்: பாத்திரத்தில் படியும் பாக்டீரியாப் படலம்

கழுவிய பாத்திரத்திலும் பாக்டீரியாக்கள் படலமாக ஒட்டி வாழக்கூடும் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். மாவு அரைப்பவர், பால் ஊற்றுபவர், மீன் விற்பவர், பனையேறிக் குடும்பத்தவர் என எழுதியவர்களின் தொழில்கள் வேறு வேறாக இருந்தாலும், அவர்களின் தொல்லைக்கு அடியில் இருப்பது ஒன்றுதான். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் கிரைண்டரில் கொதிநீரை ஊற்றித்தான் கழுவுகிறேன். ஆனாலும் குழவியின் அடிப்பக்கம் விரலுக்கு வழவழவென்று இருக்கிறது. முன்பு இரண்டு நாள் தாங்கிய மாவு இப்போது மறுநாளே புளித்துப் பொங்கிவிடுகிறது. கொதிநீருக்கும் சாகாத கிருமி உண்டா?
— வாசகி, பாளையங்கோட்டை

கொதிநீர் பட்டால் அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். உங்கள் கிரைண்டரில் கொதிநீர் அவற்றைப் போய்ச் சேரவில்லை என்பதுதான் சிக்கல். நீரில் தனியே மிதக்கும் பாக்டீரியாவும் ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு குடியமர்ந்த பாக்டீரியாவும் ஒரே இனமாக இருந்தாலும் நடத்தையில் பெரிதும் மாறுபட்டவை.

மாவு பட்ட சில நிமிடங்களிலேயே அதிலுள்ள புரதமும் மாவுச்சத்தும் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகக் கல்லின்மீது படிந்துவிடுகின்றன. பாக்டீரியா முதலில் இந்தப் பூச்சின்மீது தளர்வாக ஒட்டுகிறது. அந்த நிலையில் ஓடும் நீரே அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத்தோடு சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டால், தன் உடலிலிருந்து நீளும் நுண்ணிய புரத இழைகளால் பரப்பை இறுகப் பற்றிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் செல்களிலிருந்து வெளியான டி.என்.ஏ.வும் கலந்த ஒரு பசையைத் தன்னைச் சுற்றிலும் சுரக்கத் தொடங்குகிறது. அதன்பின் பெருகும் செல்கள் அந்தப் பசைக்குள்ளேயே அடுக்கடுக்காக வளர்கின்றன. நீரும் உணவும் உள்ளே போய்வர அந்த அடுக்குகளுக்கிடையே நுண்வாய்க்கால்களும் உண்டாகின்றன. இதைத்தான் உயிரிப்படலம் அல்லது பயோஃபிலிம் என்கிறார்கள். பெரும்பாலான படலங்களின் உலர் எடையில் பாக்டீரியாக்களின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவே. மீதி முழுவதும் அவை சுரந்த பொருள். உங்கள் விரலில் தட்டுப்படும் வழவழப்பும் அதுதான்.

முதிர்ந்த படலத்திலிருந்து செல்கள் அவ்வப்போது பிரிந்து வெளியேறும். நீங்கள் அடுத்த ஈடு அரைக்கும்போது அவை புது மாவில் இறங்குகின்றன. இட்லி மாவைப் பொங்கச் செய்யும் லூக்கோனாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் நமக்கு வேண்டியவையே. ஆனால் அவை தொடக்கத்திலேயே பெருங்கூட்டமாக வந்து சேர்ந்துவிட்டால், மாவு உங்கள் கணக்குக்குள் நிற்காது. அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்தப் பசைக்குள் தங்குபவை நல்ல பாக்டீரியாக்கள் மட்டுமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான். அரிசியோடு வரும், உணவை நஞ்சாக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா, வெப்பத்தைத் தாங்கும் விதைநிலைச் செல்களை (ஸ்போர்) உண்டாக்கக்கூடியது. அதுவும் அங்கே தங்கும்.

கொதிநீரை முதலிலேயே ஊற்றுவதை நிறுத்துங்கள். அரிசியின் மாவுச்சத்து ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் அளவில் கஞ்சியாகிக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். உளுந்தின் புரதமும் சூட்டில் உறைந்துவிடும். அவ்வாறு ஒட்டியது படலத்துக்கு உணவாகவும் மறைவிடமாகவும் ஆகிறது. மாவை வழித்தவுடன், காயவிடாமல், பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். குழவியையும் அதைத் தாங்கும் அச்சையும் கழற்றி, சோப்புக் கரைசலும் நார்த் தூரிகையும் கொண்டு கல்லின் கொத்துக்குழிகள் வரை தேயுங்கள். மறுபடியும் அலசிய பிறகு கொதிநீரை ஊற்றுங்கள். இந்த வரிசையில் செய்தால் அந்தச் சூடு வீணாகாது. கடைசியில் பாத்திரத்தைச் சாய்த்து வைத்து முழுவதும் உலர விடுங்கள். அச்சின் பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். வெடிப்புக்குள் எந்தத் தூரிகையும் நுழையாது.

ஒரு செல் உயிரான பாக்டீரியாவுக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. அப்படியிருக்க, எல்லாம் கூடிப் படலம் அமைக்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது?
— பள்ளி ஆசிரியர், கடையம்

ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு வேதிப்பொருளைத் தொடர்ந்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. சில செல்களே இருக்கும்போது அது நீரில் கரைந்து காணாமற்போகும். கூட்டம் பெருகும்போது அதன் அடர்த்தி உயர்ந்து, ஓர் எல்லையைத் தாண்டியதும், எல்லாச் செல்களிலும் குறிப்பிட்ட மரபணுக்கள் ஒருசேர இயங்கத் தொடங்குகின்றன. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரின் வடத்தை நாலு பேர் பிடித்தால் தேர் அசையாது, கூட்டம் சேர்ந்த பிறகே நகரும். தனிச் செல் செய்தால் பயன் தராத வேலைகளைப் பாக்டீரியாவும் அவ்வாறே கூட்டம் சேரும்வரை ஒத்திப்போடுகிறது. கடலில் ஒளிவிடும் ஒரு பாக்டீரியா, தன் கூட்டம் அடர்ந்த பிறகே ஒளி வீசுவதை ஹேஸ்டிங்ஸ், நீல்சன் ஆகியோர் 1970இல் எடுத்துக்காட்டியதிலிருந்து இந்த ஆய்வுத்துறை வளர்ந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தக் கூட்டக் கணக்கையே காரணமாகச் சொல்வது சரியன்று. பரப்பைத் தொட்டதும் நீந்துவதை நிறுத்தி ஒட்டிக்கொள்ளும் முதல் முடிவைப் பல பாக்டீரியாக்கள் தமக்குள்ளே உண்டாகும் சைக்ளிக் டை ஜி.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறின் அளவைக்கொண்டு தனித்தனியாகவே எடுக்கின்றன.

மாணவர்களுக்குச் சொல்லத் தகுந்த வரலாறு ஒன்றும் உண்டு. 1680களில் ஆண்டனி வான் லீவன்ஹுக், தம் பற்களில் படிந்ததைச் சுரண்டி, தாமே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே திரிந்த நுண்ணுயிர்களை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதங்களில் விவரித்தார். வினிகர் கொண்டு வாயைக் கொப்பளித்தபோது படிவின் மேற்புறத்தில் இருந்தவையே இறந்தன என்பதையும் அவர் குறித்தார். அப்படியிருந்தும், பாக்டீரியாக்கள் இயற்கையில் பெரும்பாலும் ஒட்டியே வாழ்கின்றன என்ற கருத்தை வில்லியம் காஸ்டர்ட்டன் முதலியோர் 1978இல் அழுத்தமாக எடுத்துரைத்த பிறகுதான் அறிவியல் உலகம் இதை முழுமையாகக் கவனிக்கத் தொடங்கியது.

எங்கள் பால் சங்கத்தில் உறுப்பினர்கள் கொண்டுவரும் பால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேனில் ஊற்றிக் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், மெத்திலீன் நீலச் சோதனையில் நிறம் சீக்கிரம் மறைந்துவிடுகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். கேன்களைக் கொதிநீரில்தான் கழுவுகிறோம். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவலாமா?
— பால் சங்கப் பணியாளர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

சோதனையின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்க்கும்போது நீலச் சாயம் நிறமிழக்கிறது. நிறம் 5 மணி நேரமும் அதற்கு மேலும் நிலைத்தால் பால் மிக நன்று. அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் மோசம். உங்கள் ஐயம் கேனின்மீது என்றால், அதைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி இருக்கிறது. ஒரே உறுப்பினரின் பாலில் ஒரு பகுதியைக் கொதிநீரில் வேகவைத்து எடுத்த சிறிய எவர்சில்வர் பாத்திரத்திலும் மற்றொரு பகுதியைக் கேனிலும் ஊற்றி, இரண்டையும் ஒரே வண்டியில் அனுப்பி, இரண்டுக்கும் தனித்தனியே சோதனை செய்யச் சொல்லுங்கள். சிறு பாத்திரத்துப் பால் தேறிக் கேன் பால் தேறாவிட்டால், குற்றம் உறுப்பினர்களின் மாட்டிலோ கறவையிலோ இல்லை.

கேனில் நான் முதலில் பார்க்கச் சொல்வது மூடியின் ரப்பர் வளையத்தை. அடுத்ததாகக் கழுத்தின் உட்புற மடிப்பையும் ஒடுங்கிய இடங்களையும். அங்கெல்லாம் மங்கலான மஞ்சள் வெண்மையில் கரடுமுரடான படிவு தென்பட்டால், அது பாலின் கால்சிய உப்பும் புரதமும் சேர்ந்து இறுகிய பாற்கல். கடின நீரும் கொதிசூடும் அதை விரைந்து வளர்க்கும். பாற்கல்லின் நுண்துளைகளுக்குள் பாக்டீரியாப் படலம் அமைந்துவிட்டால், மேலே ஊற்றும் எதுவும் அடிவரை இறங்காது. படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள், மிதப்பவற்றைவிட 10 முதல் 1000 மடங்கு அளவுக்குக் கிருமிநாசினியைத் தாங்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இதற்குக் காரணங்கள் பல. குளோரின் போன்ற பொருள், மேலடுக்கிலுள்ள பசையோடு வினைபுரிந்து தீர்ந்துபோகிறது; உள்ளடுக்கில் உணவும் ஆக்சிஜனும் குறைவாதலால் செல்கள் மெல்ல வாழ்கின்றன; அவ்வாறு மந்தமாக வாழும் செல்களைப் பல மருந்துகள் எளிதில் தாக்குவதில்லை.

ஆகவே, பால் ஊற்றியவுடன், காய்வதற்கு முன், கேனை வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். நேராகக் கொதிநீரைக் கொட்டினால் புரதம் உறைந்து ஒட்டிவிடும். பிறகு காரத்தன்மையுள்ள பால்பாத்திரத் தூளைச் சுடுநீரில் கரைத்து, நீண்ட பிடியுள்ள தூரிகையால் உள்ளே முழுவதும் தேய்க்க வேண்டும். காரம் கொழுப்பையும் புரதத்தையும் இளக்கும். உப்புப் படிவை அது அசைக்காது. அதற்கு அமிலம் வேண்டும். கிழமைக்கு ஒருமுறையாவது பால்பண்ணைக்கென விற்கும் அமிலக் கழுவியை அதன் உறையில் சொல்லியுள்ள அளவில் பயன்படுத்தி நன்றாக அலசிவிடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே கொதிநீரோ நீராவியோ குளோரின் நீரோ பயன்தரும். கடைசியில் கேனைத் தாங்கியில் கவிழ்த்து, காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். கழுவிய கேனை ஈரத்தோடு மூடி மறுநாள் காலை வரை வைப்பதைப் போலத் தீங்கானது வேறில்லை. முதல்நாள் கழுவலில் தப்பிய சில செல்களுக்கு ஓர் இரவு முழுவதையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

காஸ்டிக் சோடாவைப் பற்றி: உங்கள் கேன் அலுமினியம் என்றால் அதைத் தொடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்துப் பரப்பைக் குழிகுழியாக்கும். அந்தக் குழிகள் படலத்துக்கு நிரந்தர இடமாகிவிடும். பெரிய பால்பண்ணைகளில் எவர்சில்வர் குழாய்களுக்குள் 1 முதல் 2 விழுக்காடு காஸ்டிக் கரைசலை 70 – 80 பாகைச் சூட்டில் வேகமாக ஓடவிட்டு, அடுத்து நைட்ரிக் அமிலக் கரைசலை ஓடவிடுவது வழக்கம்தான். அது மூடிய அமைப்பில், பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. கையால் கழுவும் இடத்துக்கு அது பொருந்தாது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்குக் கேடு.

குளிரூட்டிவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பவும் வேண்டாம். சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியாக்கள் 4 பாகைக் குளிரிலும் மெதுவாகப் பெருகும், படலமும் அமைக்கும். அவை சுரக்கும் புரதச்சிதைவு நொதிகள், பாஸ்சராக்கும் சூட்டில் அந்தப் பாக்டீரியாக்கள் மடிந்த பின்னும் அழியாமல் நின்று, பாலைக் கசக்கச் செய்யும்.

மீன் வெட்டும் கட்டையை மாற்றிப் பிளாஸ்டிக் பலகை வாங்கச் சொல்கிறார்கள். மரக்கட்டை அவ்வளவு கெட்டதா? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் வைப்பது பற்றியும் சொல்லுங்கள்.
— மீன் வியாபாரி, உவரி

புதிய பிளாஸ்டிக் பலகை கழுவ எளிது என்பது உண்மை. ஆனால் கத்தி பட்டுப் பட்டு வெட்டுத்தழும்பு விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைச் சுத்தம் செய்வது மிகக் கடினம் என்பதையும், மரத்தின்மீது விடப்பட்ட பாக்டீரியாக்கள் மரத்துக்குள் உறிஞ்சப்பட்டுப் பெருகாமற்போவதையும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டீன் கிளைவர் குழுவினர் 1990களில் நடத்திய ஆய்வுகள் காட்டின. அதற்காக மரமே சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுவதும் மீன்நீரில் ஊறிக் கிடக்கும் புளியங்கட்டைக்கு உலரும் நேரமே கிடைப்பதில்லை. உலர்ந்தால்தான் மரம் தன் நன்மையைத் தரும். இரண்டு கட்டைகளை வைத்துக்கொண்டு நாள் மாற்றிப் பயன்படுத்துங்கள். மாலையில் கல்லுப்பும் தூரிகையும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நிறுத்தி வையுங்கள். மேற்பரப்பு பிளந்தால் இழைத்துவிடுங்கள். எந்தப் பலகையாக இருந்தாலும், குழி விழுந்த பின் அதை விட்டுவிட மனம் வர வேண்டும்.

தெர்மாகோலின் மணிகளுக்கு இடையே மீன்நீர் இறங்கிவிடும். அதைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கில்லை. உட்புறம் வழவழப்பான, காப்பிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒருமுறை செலவழிப்பது நல்லது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களில், குளிர் தவறினால், சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்கும். பெட்டியின் மூலையில் படலமாக இருக்கும் பாக்டீரியா அடுத்த நாள் மீனில் அந்த வேலையைத் தொடங்கிவிடும். ஹிஸ்டமின் குழம்பு கொதித்தாலும் அழியாது. ஆகவே, நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இறாலின் ஓட்டிலுள்ள கைட்டினைப் பற்றி வாழும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்கு உப்பு இல்லாமல் வளர முடியாது. கரையோரக் கடல்நீரில் பெட்டியைக் கழுவாமல், கடைசி அலசலையாவது குடிக்கத் தகுந்த நீரில் செய்யச் சொல்வது அதனால்தான்.

நாங்கள் பரம்பரையாகப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுகிறோம். இருந்தும் சில கலயங்களில் பதநீர் கொழகொழவென்று நூல் இழுக்கிறது. அதைச் சேர்த்துக் காய்ச்சினால் கருப்பட்டி உறைவதில்லை. சுண்ணாம்பின் குறையா?
— வாசகர், திசையன்விளை

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. படலத்தைத் தடுப்பதற்கு நம் பகுதியில் தலைமுறைகளாகக் கையாளப்படும் மிகத் திருத்தமான முறை, கலயத்துச் சுண்ணாம்பு.

பனஞ்சாற்றில் கரும்புச் சாற்றைப் போலவே சுக்ரோஸ் நிறைந்திருக்கிறது. காற்றிலிருந்தும் பழைய கலயத்திலிருந்தும் வரும் லூக்கோனாஸ்டாக் பாக்டீரியா, தன் நொதியால் அந்தச் சுக்ரோஸின் ஒரு பகுதியை டெக்ஸ்ட்ரான் என்னும் நீண்ட சங்கிலிப் பொருளாக மாற்றும். நூலாக இழுபடுவது அந்த டெக்ஸ்ட்ரான். அது கலயத்தின் சுவரில் படலமாகவும் சாற்றில் பசையாகவும் இருக்கும். ஈஸ்ட்டும் மற்றப் பாக்டீரியாக்களும் சேர்ந்து சாற்றைப் புளிக்க வைக்கும்போது எஞ்சிய சுக்ரோஸும் உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிந்துவிடுவதால், பாகு பதத்துக்கு வந்தாலும் அச்சில் உறையாது. சர்க்கரை ஆலைகளிலும் டெக்ஸ்ட்ரானால் இதே தொல்லை உண்டு.

காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுண்ணாம்புக் கரைசலில் 12ஐ ஒட்டியது. அந்தக் காரத்தில் இந்த நுண்ணுயிர்களால் பெருக முடியாது. ஆனால் அதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. நீற்றிய சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெறும் சுண்ணக்கல் பொடியாகிவிடும். வெள்ளையாகத்தான் இருக்கும், காரம் இராது. ஆகவே புதிதாக நீற்றியதை மூடிவைத்துப் பயன்படுத்த வேண்டும். மற்றோர் எதிரி, மண்கலயத்தின் நுண்துளைகளில் முன்பே அமைந்துவிட்ட படலம். அதன்மேல் சுண்ணாம்பைத் தடவினால் மேலடுக்கு மடியும், அடியடுக்கு பிழைத்திருக்கும். நூல் இழுத்த கலயங்களை அடையாளமிட்டுத் தனியே எடுத்து, நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அடுப்பனலில் காட்டிச் சூடேற்றிய பிறகே மறுபடி சுண்ணாம்பு தடவுங்கள். அதன் பிறகும் நூல் இழுத்தால் அந்தக் கலயத்தை உடைத்துவிடுவதே மேல். பாளையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீவுகிறீர்களே, சாறு தடையின்றி ஊறுவதற்காகச் செய்யும் அந்த வேலையில், வெட்டுவாயில் படிந்த பசையும் சீவலோடு போய்விடுகிறது. சீவும் அரிவாளையும் இறங்கியவுடன் கழுவித் துடைத்து வைத்தால், ஒரு பனையிலிருந்து மற்றொன்றுக்கு அதைக் கொண்டுபோகாமல் இருக்கலாம்.

நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். ஓமம், கிராம்பு, மஞ்சள் முதலியவற்றின் சாறு பாக்டீரியாப் படலத்தைத் தடுக்கும் என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா? வேறு புதிய வழிகள் உண்டா?
— மாணவி, பேட்டை

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கடுமையான கேள்விகளோடு. ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால், பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு ஆகியவை பாக்டீரியாவின் மேலுறையைத் தாக்குவது உறுதிப்பட்ட செய்தி. ஆனால் ஒரு பொருள் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் படலம் அமையாமற்போவதில் வியப்பில்லை. அதைப் படலத்தடுப்பு என்று எழுதுவது பிழை. வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்குக் கீழான செறிவில், செல் எண்ணிக்கை குறையாமலே படலம் குறைகிறதா என்று பாருங்கள். படலத்தை அளக்க வழக்கமாக இடும் கிரிஸ்டல் வயலட் சாயம் இறந்த செல்லையும் பசையையும் சேர்த்தே காட்டும். ஆகவே உயிருள்ள செல்களைத் தனியே எண்ணுங்கள். சாற்றைக் கரைத்த எத்தனாலை மட்டும் இட்ட கட்டுப்பாட்டுக் குழியும் வேண்டும். பிளாஸ்டிக் தட்டோடு நின்றுவிடாமல் எவர்சில்வர் துண்டில், பால் அல்லது மீன்சாறு பூசிய நிலையில் சோதித்தால்தான் உங்கள் முடிவு சமையற்கூடத்துக்கு உதவும். உணவுக்கழிவு இருக்கும் இடத்தில் பல சாறுகள் வலுவிழந்துவிடும்.

பாக்டீரியாக்களின் வேதிச்செய்தியைக் குலைப்பது மற்றொரு வழி. ஆஸ்திரேலியக் கடலின் டெலிசியா புல்க்ரா என்ற செம்பாசி, ஃபியூரனோன் பொருட்களைச் சுரந்து தன்மீது பாக்டீரியா படராமல் காத்துக்கொள்வதைக் கண்டதிலிருந்து இதில் பெரும் ஆர்வம் பிறந்தது. அப்பொருட்களின் நச்சுத்தன்மையால் அவற்றை உணவுக்கு அருகில் கொண்டுவர முடியவில்லை. இன்னுமொரு நுட்பத்தை மறக்க வேண்டாம்: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸில் கூட்டச்செய்தி படலத்தைக் கலைக்கவே உதவுகிறது. அங்கே செய்தியை அடைத்தால் படலம் தடிக்கக்கூடும். எந்த இனத்துக்கு எந்த முறை என்பதைப் பார்க்காமல் பொதுவாக எழுதும் கட்டுரைகளை நம்பிவிடாதீர்கள்.

இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டவற்றுள் நொதிகளை நான் முதலில் சொல்வேன். புரதத்தைச் சிதைப்பது, மாவுச்சத்தைச் சிதைப்பது, டி.என்.ஏ.வைச் சிதைப்பது எனக் கலந்து பயன்படுத்தினால் பசையே தளர்கிறது. ஒரே நொதி எல்லாப் படலத்துக்கும் போதாது, ஏனெனில் பசையின் கூட்டு இனத்துக்கு இனம் வேறுபடும். உணவு வழியே நோய் தரும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை அழிக்கும் பாக்டீரியோஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) கலவை ஒன்றை உண்ணத் தயாரான இறைச்சியில் தெளிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் ஒப்புதல் அளித்தது. லிஸ்டீரியாவை இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அது குளிர்பெட்டியிலும் பெருகும்; ஆலையின் வடிகாலிலும் இயந்திர இடுக்கிலும் படலமாக ஆண்டுக்கணக்கில் தங்கும். 2017 – 18இல் தென்னாப்பிரிக்காவில் பதனிட்ட இறைச்சி வழியாக அது பரவியபோது 1000க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். அண்டா, பலகை, மேடை எல்லாவற்றுக்கும் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்?
— வாசகர், மேலப்பாளையம்

33 விழுக்காடு குளோரின் உள்ள புதிய பவுடரில் 6 கிராம் எடுத்து 10 லிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) குளோரின் கிடைக்கும், உணவு படும் பரப்புக்கு அதற்கு மேல் வேண்டாம். கரைசலைத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும், சோப்பில் தேய்த்து அலசிய பரப்பின்மீது ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டுப் பிறகு அலசுங்கள். எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் இருக்கும் அண்டாவில் ஊற்றினால், குளோரின் அவற்றோடே தீர்ந்துபோகும். பவுடர் நாளாக ஆக வலுவிழப்பதால் மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். சுடுநீரில் கலக்காதீர்கள், கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு எழும். எவர்சில்வரை இரவு முழுவதும் இதில் ஊறவைத்தால் நுண்குழிகள் விழும்.

பாத்திரம் துலக்கும் பஞ்சை ஒவ்வொரு விருந்துக்கும் புதிதாக எடுங்கள். பயன்படுத்திய சமையலறைப் பஞ்சுகளில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான கோடி பாக்டீரியாக்கள் வரை இருப்பதை 2017இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்பதால் கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஊற்றிக் குடிக்கும் குழாயின் வாயில் வழவழப்பும், சில நாள் சவ்வு போன்ற துணுக்கும் வருகின்றன. சுத்திகரித்த நீரில் இது எப்படி வரும்?
— வாசகி, வள்ளியூர்

சுத்திகரித்த நீரிலும் மிகச் சிறிதளவு உணவுப்பொருள் இருக்கும். சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு அதுவே போதும். ஊராட்சிக் குழாய்நீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கேன் நீரிலோ, கிருமி நீக்கச் செலுத்தும் ஓசோன் விரைவில் சிதைந்துவிடுவதால், அடைத்த பின் காவலுக்கு எதுவும் எஞ்சுவதில்லை. அடைக்கப்பட்ட குடிநீருக்கான தர விதி, 250 மில்லிலிட்டரில் சூடோமோனாஸ் எரூஜினோசா ஒன்றுகூட இருக்கலாகாது என்கிறது. ஆனால் அந்த விதி கேனோடு முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக் குழாயின் ரப்பருக்கும் திருகுக்கும் அது பொருந்தாது.

கேன் மாற்றும்போதெல்லாம் தாங்கியின் உட்புறத்தைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றி, சிறிய தூரிகையால் உட்புறத்தைத் தேயுங்கள். கழுவ உப்புத் தண்ணீரையே பயன்படுத்துவதால் வெள்ளைப் படிவு இருந்தால், முதலில் எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்து நன்றாக அலசிவிட்டு, அமிலம் சிறிதும் எஞ்சாத பிறகே, மேலே சொன்ன அளவில் குளோரின் நீரில் சில நிமிடங்கள் வையுங்கள். வெயில் படும் இடத்தில் கேனை வைத்தால் பச்சைப் பாசியும் சேர்ந்துகொள்ளும். குழாயை மறுபடி மாட்டும் முன் அதை முழுவதும் உலரவிட்டு, பிறகு அடுத்த கேனைக் கவிழ்க்கவும்.